அலுமாரித் திறப்பு

அத்தியாயம் பதினேழு

மேற்கே போகவேண்டிய வான் வண்டி, அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கிழக்கே, ரொறன்ரோவுக்கு வெளியே பிக்கரிங் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது.

ஓட்டிக்கொண்டிருந்தவள் தனுசியா. பக்கத்து இருக்கையில் அவள் கணவன் யசிந்தன், மடியில் வீதிப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு அவனே ஒட்டுப்பலகையில் அடித்த கட்டிலுக்குக் கீழே எல்லாம் ஏற்றியாகிவிட்டது. இரண்டு பெரிய தண்ணீர்க் கலன்கள், எரிவாயு அடுப்பு, நித்திரைப் பைகள், கூடாரம், வெயிலுக்குத் தொப்பிகள். இல்லாதது ஒன்றே ஒன்றுதான். யசிந்தனின் பாஸ்போட்.

அது அவனுடைய அம்மா வீட்டு அலுமாரிக்குள் இருந்தது.

முப்பத்தொன்பது வயது ஆண்பிள்ளையின் பாஸ்போட் ஏன் தாய் வீட்டு அலுமாரியில் இருக்க வேண்டும் என்று தனுசியா கலியாணமான புதிதில் கேட்டிருக்கிறாள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, மாமனார் தம்பிமுத்து வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு நடந்தது ஒரு பொலித்தீன் பையை மட்டும்தான். பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, பள்ளிக்கூடப் பத்திரங்கள். கனடாவில் அகதி வழக்கு வென்றது அந்தப் பையால்தான் என்று அந்தக் குடும்பம் இன்றைக்கும் நம்புகிறது. அதனால் அந்த வீட்டில் யாருடைய பத்திரமும் யாரிடமும் இருக்காது. எல்லாம் ஒரே அலுமாரி, ஒரே பூட்டு. தம்பிமுத்து ஓய்வு பெற்ற பிறகு பூட்டைத் திறக்கும் அந்தத் திறப்பு மாமி மனோரஞ்சிதத்தின் கைப்பைக்குப் போய்விட்டது.

தனுசியா தன் பாஸ்போட்டை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டாள். அதையும் மாமி கவனிக்காமல் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் தொலைபேசியில் சொன்ன செய்தியும், மாமி ஒரு வார்த்தை பேசாமல் போனை வைத்ததும் வாசகர்களுக்கு மறந்திருக்காது. ஆறு வருடம், நான்கு தடவை ஐ.வி.எஃப் சிகிச்சை. ஒரு தடவை பதினொரு வாரம் வரை நின்று கலைந்த கரு. இனி வேண்டாம், நிறுத்திவிட்டோம் என்று தனுசியாதான் சொன்னாள். ஐந்து நாள் பிக்கரிங்கிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஆறாம் நாள் மாமி தானே போன் எடுத்தார். ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, பாஸ்போட்டையும் எடுத்துக்கொண்டு போகலாம் என்றார். குரல் பஞ்சுபோல இருந்தது. அந்தப் பஞ்சுதான் தனுசியாவுக்குப் பயத்தைக் கொடுத்தது.

"சாப்பிட்டிட்டு உடனை எழும்பிறம்," என்றாள்.

"ஓம்," என்றான் யசிந்தன். அவன் அம்மாவிடம் போகும்போதெல்லாம் அவனுக்கு 'ஓம்' என்ற ஒரு சொல்லே மிஞ்சும்.

பாலைவனத்துக்குப் போகும் யோசனையும் அந்தச் சிகிச்சை நிலையத்தில்தான் பிறந்தது. காத்திருக்கும் அறையில் ஒரு ரீவி, சத்தமில்லாமல் எப்போதும் ஓடும். சிவந்த பாறைகள், பாறையில் தானாக விழுந்த வளைவுகள், ஆளில்லாத தெரு. அந்த அறையிலிருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலிருக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான்காவது தடவையும் இல்லையென்றான பெப்ரவரி மாதத்தில், பனி கொட்டிக்கொண்டிருந்த கார் நிறுத்துமிடத்தில் நின்று தனுசியா அழவில்லை. அந்தப் பாறை உண்மையிலேயே அவ்வளவு சிவப்பா என்று போய்ப் பார்க்க வேண்டும் என்றாள்.

அன்றிலிருந்து ஏழு மாதம் திட்டம் போட்டார்கள். யூட்டா, அரிசோனா, கலிபோர்னியா. ஐந்து தேசியப் பூங்காக்கள், மூன்று கிழமை, முழுதாக இருபத்தொரு நாள். ஆறு வருடமாக அவளுடைய விடுமுறை நாட்கள் முழுக்க ஊசிக்கும் இரத்தப் பரிசோதனைக்குமே போயிருந்தன. இந்த வருடம்தான் முதல்முறையாக மூன்று கிழமையையும் சேர்த்து எழுதிக் கொடுத்தாள். பதினொரு வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறவள். ஃபிஞ்ச் வீதிப் பனியில் நாற்பதடி நீள வண்டியைத் திருப்பி எடுத்த கைக்கு இந்த வான் ஒரு விளையாட்டுச் சாமான்.

பிக்கரிங் வீட்டுக் கதவு திறந்ததும் நண்டுக்கறி வாசம் வந்தது. யசிந்தனுக்குப் பிடித்த கறி. கூடவே இறால், கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை. தம்பிமுத்து மேசையின் தலைப்பக்கத்தில் வழக்கம்போலப் பேசாமல் இருந்தார். யசிந்தனின் தங்கை தேனுகா, இங்கேயே பிறந்தவள், வாசலில் நின்ற வானைப் படம்பிடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

சாப்பாடு பாதி போகும்வரை மாமி பயணத்தைப் பற்றியே விசாரித்தார். எங்கே படுப்பீர்கள், மலசலகூடம் இருக்குமா, பாம்பு வந்தால் என்ன செய்வீர்கள். தனுசியா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியாகப் போகும் இடத்தின் பெயரைக் கேட்டபோது அவள் சற்றுத் தயங்க, தேனுகா முந்திக்கொண்டாள்.

"டெத் வேலி, அம்மா. மரணப் பள்ளத்தாக்கு. இட்ஸ் ஜஸ்ட் எ நேம்."

மாமி கையிலிருந்த அகப்பையை மெல்ல வைத்தார். பிறகு, அதைப்பற்றி ஒன்றும் சொல்லாமல், செவ்வாய்க்கிழமையைப் பற்றிச் சொன்னார். மிசிசாகாவில் ஒரு டொக்டர் புதிதாக வந்திருக்கிறாராம். யோகராணி அன்ரியின் மருமகளுக்கு எட்டு வருடத்துக்குப் பிறகு இரட்டைப்பிள்ளை பிறந்தது அவருடைய கையாலாம். ஆறு மாதத்துக்கு இடமில்லாத ஆளிடம் யோகராணி அன்ரி கெஞ்சி மன்றாடி ஒரு நேரம் எடுத்துத் தந்திருக்கிறாராம். செவ்வாய் காலை பத்து மணி.

"நாங்கள் செவ்வாய்க்கிழமை நெப்ராஸ்காவிலை நிப்பம் மாமி," என்றாள் தனுசியா.

"அதுக்கென்ன. செவ்வாய்க்கிழமை அவரைப் பாத்திட்டு, புதன்கிழமை வெளிக்கிடுங்கோவன். பாஸ்போட்டை நான் புதன்கிழமை எடுத்துத் தாறன்."

தம்பிமுத்து நண்டுக் காலை உடைப்பதை நிறுத்தினார்.

மாமியின் கைப்பை அவருடைய கதிரையின் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது. சொந்த வீட்டுக்குள், சாப்பாட்டு மேசையில் ஒருவர் கைப்பையைத் தொங்கவிட்டு வைத்திருப்பதன் பொருள் தனுசியாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் யசிந்தனைப் பார்த்தாள். அவன் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாமி அதற்குள் தன் பக்க நியாயங்களை அடுக்கத் தொடங்கியிருந்தார். தனக்காகக் கேட்கவில்லையாம். நாளைக்கு வயது போனால் இவர்களை யார் பார்ப்பது என்ற கவலைதானாம். சொல்லிச் சொல்லி வந்தவர், கடைசியில் எப்போதும் வந்து நிற்கும் இடத்துக்கே வந்தார். நாள் முழுக்க எஞ்சினுக்கு மேலே இருந்து பஸ் ஓட்டினால் பெண்பிள்ளையின் உடம்பு சூடாகாமல் என்ன செய்யும். அது காணாதென்று இப்போது பாலைவன வெயிலில் போய்க் கிடக்கப் போகிறார்கள்.

தனுசியா தட்டைத் தள்ளி வைத்தாள்.

ஆறு வருடமாக இந்தக் கதையைக் கேட்டிருக்கிறாள். போன வருடம் ஒரு கொண்டாட்ட மண்டபத்தில், யசிந்தனின் ஒன்றுவிட்ட அக்காவின் குழந்தை அவள் மடியில் சிரித்துக்கொண்டு கிடந்தபோது, "அவ வேலையாலை வந்து களைச்சுப்போய் இருக்கிறா" என்று சொல்லிக்கொண்டே மாமி அந்தக் குழந்தையை மெதுவாகத் தூக்கி வேறொருத்தியிடம் கொடுத்தார். மண்டபமே பார்த்துக்கொண்டிருந்தது.

முதல் பரிசோதனையிலேயே டொக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். குறை அவளில் இல்லை. யசிந்தனில். அன்று காருக்குள் அவன் உடைந்துபோய், வீட்டில் மட்டும் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டான். அவள் தலையாட்டினாள். அன்று ஆட்டிய தலையை இன்றுவரை நிமிர்த்த முடியவில்லை. இப்போது அந்த ஒற்றை வசனம் நாக்கு நுனியில் வந்து நின்றது. சொன்னால் எல்லாம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

அவள் அதைச் சொல்லவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, கதிரைக்குப் பின்னால் நின்றபடி வேறொன்றைச் சொன்னாள்.

"மாமி, நிப்பாட்டினது நான்தான். நாலு தரம் ஊசி போட்டது என்ரை வயித்திலை. அஞ்சாம் தரம் இல்லை எண்டு சொல்ல நான் ஆரையும் கேக்கத் தேவையில்லை. செவ்வாய்க்கிழமையும் இல்லை, புதன்கிழமையும் இல்லை. இண்டைக்கு ஒரு மணிக்கு நான் வெளிக்கிடுறன். என்ரை பாஸ்போட் என்னட்டை இருக்கு."

"தனியாவோ?" என்றார் மாமி.

"தனிய எண்டாலும்."

அது வெறும் வாய்ப்பேச்சு இல்லை என்பது சொல்லும்போதுதான் அவளுக்கே தெரிந்தது. அந்த மூன்று கிழமையை அவள் யாருக்கும் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை. மேசையிலிருந்த வானின் திறப்பை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

"தனு, இரும்."

யசிந்தனின் குரல். அவன் எழுந்து நின்றான். கையில் நண்டுக்குழம்பு காய்ந்திருந்தது.

"அம்மா, பிரச்சினை தனுசியாவிலை இல்லை. என்னிலை. முதல் நாளே டொக்டர் சொன்னவர். நான்தான் உங்களுக்குச் சொல்ல விடேல்லை. ஆறு வருசமா நீங்கள் அவவைச் சொன்னதெல்லாம் என்னைச் சொல்லியிருக்கோணும்."

தேனுகா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். தம்பிமுத்து மகனை நிமிர்ந்து பார்த்தார். தனுசியா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த நாளைப் பற்றி அவள் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள். வரும்போது சந்தோசமாக இருக்குமென்று நினைத்திருந்தாள். வந்தபோது அப்படி இருக்கவில்லை.

மாமி அகப்பையைக் கறிச்சட்டிக்குள் போட்டார். பிறகு மகனைப் பார்த்துச் சொன்னார்.

"அப்ப செவ்வாய்க்கிழமை நீ போ. அவர் ஆம்பிளையளையும் பாக்கிறவராம்."

தேனுகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. யசிந்தன் சிரிக்கவில்லை.

"போகேல்லை அம்மா. நாங்கள் நிப்பாட்டிட்டம். ரெண்டு பேரும் சேர்ந்துதான் நிப்பாட்டினது. திறப்பைத் தாங்கோ."

மாமி கைப்பையை எடுத்து மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது, ஆனால் பிடி தளரவில்லை.

தம்பிமுத்து அவரிடம் ஒருமுறை கேட்டார். "மனோ, திறப்பைத் தாரும்." மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். தம்பிமுத்து எழுந்து கையைக் கழுவி, துவாயில் ஈரம் போகத் துடைத்து, நிலக்கீழ் அறைக்கு இறங்கிப் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு ஸ்குறூ டிறைவர் இருந்தது.

ரொறன்ரோவில் கதவும் யன்னலும் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை செய்த மனிதர் அவர். படுக்கையறைக்குள் போய் அலுமாரிக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். பூட்டை அவர் தொடவேயில்லை. மறுபக்கத்தில் கதவைப் பிடித்திருக்கும் பிணைச்சல்களில் இருந்த திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கழற்றிய ஆணிகளைச் சட்டைப் பையில் போட்டார். மூன்று பிணைச்சல், பன்னிரண்டு ஆணி. எல்லோரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், மாமி உட்பட. கடைசி ஆணி வந்ததும் கதவை அணைத்துத் தூக்கி, பூட்டோடு சேர்த்து நகர்த்திச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"நாப்பத்தொரு வருசத்திலை ஒருநாளும் எனக்கு எதிராச் செய்யாத மனிசன்," என்றார் மாமி.

"இண்டைக்கும் செய்யேல்லை. கதவைத்தான் கழட்டினனான்."

அவர் பழைய பிஸ்கற் பெட்டி ஒன்றை வெளியே எடுத்தார். யசிந்தனின் பாஸ்போட்டை அவன் கையில் கொடுத்தார். அதோடு நிறுத்தவில்லை. தேனுகாவைக் கூப்பிட்டு அவளுடையதை அவளிடம் கொடுத்தார். கட்டிலில் வந்து உட்கார்ந்த மனைவிக்குப் பக்கத்தில் அவருடைய பாஸ்போட்டை வைத்தார். தன்னுடையதைச் சட்டைப் பையில், ஆணிகளோடு போட்டுக்கொண்டார். இனி அவரவர் சாமான் அவரவரோடு இருக்கட்டும் என்றார். அந்த வீட்டில் அவர் அவ்வளவு நீளமாகப் பேசித் தனுசியா கேட்டதில்லை.

வெளிக்கிடும்போது மாமி வாசல்வரை வந்தார். யசிந்தன் வானுக்குப் போய்விட்டான். மாமி தனுசியாவின் கண்ணைப் பார்க்காமல் கேட்டார்.

"ஆறு வருசம் நீர் ஏன் வாய் திறக்கேல்லை?"

"அது அவர் சொல்லவேண்டியது மாமி."

மாமி உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். மெதுவாகத்தான் சாத்தினார்.

ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

நானூற்றொன்று நெடுஞ்சாலையில் அவர்கள் நகரத்தை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை குறுக்கே கடந்தார்கள். ஸ்காபரோ, அவர்களுடைய சொந்த வீட்டுக்கு இறங்கும் பாதை, அவள் நாள்தோறும் பேருந்தில் குறுக்கறுக்கும் பாலங்கள், பிறகு தலைக்கு மேலே தாழ இறங்கும் விமானங்கள், மிசிசாகா. யசிந்தன் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தான். அப்பா கதிரை போட்டு உட்கார்ந்த விதத்தைச் செய்து காட்டினான். யன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டினான். ஆறு வருடமாக நெஞ்சில் கிடந்தது இறங்கிப் போனவனின் பேச்சு அது. தனுசியா கேட்டுக்கொண்டே ஓட்டினாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அடியில் எங்கோ ஒரு கோபம் இப்போதுதான் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இவ்வளவு லேசான விசயமா இது? எழுந்து நின்று நாலு வசனம் சொல்ல இவனுக்கு ஆறு வருடம் எடுத்ததா? அதை இன்றைக்குக் கேட்கக்கூடாது என்று வைத்துக்கொண்டாள்.

கனடாவின் லண்டன் நகரம் தாண்டி, இரண்டு பக்கமும் சோள வயலாக வந்த பிறகு அவன் பேச்சு குறைந்தது. பிறகு நின்றே போனது. அவள் திரும்பிப் பார்த்தாள். மத்தியானம் அம்மா வீட்டு மேசையில் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்த அதே முகம்.

"தனு, இன்னொண்டும் சொல்லோணும்."

"சொல்லுங்கோ."

"பெப்ரவரியிலை நீர் கையெழுத்துப் போட்டுத் தந்த கடிதம்."

நான்காவது தடவை உருவான கருக்களில் ஒன்று மிஞ்சியிருந்தது. அவ்வளவு நல்லதில்லை என்று டொக்டர் சொன்ன கரு. மருத்துவமனையில் உறைய வைத்திருந்தார்கள். அதை இனி வைத்திருக்க வேண்டாம் என்று எழுதிய கடிதத்தில் தனுசியா ஓர் இரவு முழுக்க யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அவனும் போட்டு அனுப்பிவிடுவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டு போனான்.

"நான் அனுப்பேல்லை," என்றான் யசிந்தன். "கையெழுத்தும் போடேல்லை. அது இன்னும் அங்கை இருக்கு."

தனுசியாவின் கை சுக்கானில் அப்படியே இருந்தது. வேகமானியின் முள் ஒரு கோடு ஏறவில்லை, இறங்கவில்லை. பயணிகள் நிறைந்த பேருந்தில் முன்னால் யாராவது குறுக்கே பாய்ந்தாலும் கை தவறாதபடி அவள் உடம்பு பழகியிருந்தது. முதலில் வண்டி, பிறகுதான் மற்றதெல்லாம்.

ரெண்டு பேரும் சேர்ந்துதான் நிறுத்தினோம் என்று தாய்க்கு முன்னால் நின்று சொன்னவன் இவன். அவள் அதை நம்பித்தான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏன்?" என்று கேட்டாள்.

அவனுக்குத் தெரியவில்லை. பல தடவை பேனாவை எடுத்ததாகச் சொன்னான். அம்மாவுக்காக இல்லை என்றான். பிறகு, அதுகூட நிச்சயமில்லை என்றான். முன்னால் ஒரு வெளியேறும் பாதையின் பச்சைப் பலகை வந்தது.

"திரும்பப் போறீரோ?" என்று கேட்டான்.

அவள் அந்தப் பாதையைத் தாண்டி ஓட்டினாள்.

"ஏன் திரும்போணும்? மாமிக்காண்டி நான் இந்தப் பயணத்தை விடேல்லை, உங்களுக்காண்டியும் விடமாட்டன். மூண்டு கிழமை கிடக்கு. அங்கை ஓடி ஒளிக்க ஒரு வீடு இல்லை, கதவு இல்லை, போன்கூட வேலை செய்யாது. என்ரை கோவத்தையும் நீங்கள் அங்கைதான் கேக்கப் போறீங்கள். உங்கடை காரணத்தையும் நான் அங்கைதான் கேப்பன். முழுசாக் கேப்பன்."

"கேட்ட பிறகு?"

"கேட்ட பிறகு தெரியும்."

வின்ட்சர் வந்தபோது வெயில் சரிந்திருந்தது. எல்லைப் பாலத்துக்கு முன்னால் வாகனங்கள் வரிசையில் நின்றன. யசிந்தன் தன் பாஸ்போட்டை எடுக்கத் தன் பையைத் திறந்தான். அதன் உள்ளறையிலிருந்து அந்தக் கடிதம் இருந்த வெள்ளை உறையையும் எடுத்து, கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தான். பிறகு அதை முன் கண்ணாடிக்குக் கீழே, இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தான். அவள் அதைப் பார்த்தாள். எடுத்து மறைக்கச் சொல்லவில்லை.

பாலத்தின் மறுகரையில் எல்லைக் காவலர் குனிந்து பார்த்து, எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்.

யசிந்தன் வாயெடுக்கும் முன் தனுசியா சொன்னாள். பாலைவனத்துக்கு. மூன்று கிழமை. கூடாரத்தில்.

குழந்தைகள் யாரும் பின்னால் இருக்கிறார்களா என்று அவர் வானின் உள்ளே எட்டிப் பார்த்தார். வழக்கமான கேள்விதான். இந்தக் கேள்விக்கு ஆறு வருடமாக, எத்தனையோ மண்டபங்களில், எத்தனையோ பேருக்குத் தலையைக் குனிந்து பதில் சொல்லியிருக்கிறாள்.

"இல்லை," என்றாள் அவரை நேராகப் பார்த்து. "நாங்கள் ரெண்டு பேர்தான்."

அவர் பாஸ்போட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார். முன்னால் தடை உயர்ந்தது. யசிந்தன் அவள் பக்கம் திரும்பி ஏதோ கேட்கத் தொடங்கினான். அவள் கியரைப் போட்டு, மிச்சத்தை அந்தச் சிவந்த பாறையைக் கண்ட பிறகு கேட்கச் சொல்லிவிட்டு, காலை அழுத்தினாள்.